இளையதம்பியின் பெர்மிட்

நிந்தவூர் மக்கீன் 1979இல் வளைகுடா நாடொன்றுக்குச் சாரதியாகப் போனார். அதுவரை சம்மாந்துறைப் பக்கம் நெல் ஏற்றும் லொறி ஓட்டியவர். வீதி போடும் கம்பெனியில் அவருக்கு ஒரு பிக்கப் கொடுத்தார்கள். தினமும் அதில் ஏறியவர் நில அளவையாளர் இளையதம்பி, வீரமுனைக்காரர். ஊரில் ஐந்தாறு மைல் தள்ளி இருந்தும் ஒருவரையொருவர் கண்டதில்லை. அங்கே போய்த்தான் கூட்டாளிகளானார்கள். மக்கீனை இளையதம்பி அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றே கூப்பிட்டார்.

அந்த நாட்டில் முஸ்லிமல்லாத வெளிநாட்டவருக்குக் குடிப்பதற்குப் பொலிஸ் தனிப் பெர்மிட் கொடுத்தது. இளையதம்பி ஒன்று எடுத்திருந்தார். அதன் பின்பக்கத்து விதிகள் அரபியில் இருந்தன. மத்ரஸாவில் சில வருடம் ஓதிய மக்கீன் நிதானமாக வாசித்துக் கருத்துச் சொன்னார். பெயருக்குரியவர் மட்டுமே வாங்கலாம். கடையிலிருந்து நேரே அறைக்குப் போக வேண்டும். வேறு ஆளுக்குக் கொடுக்கக்கூடாது, முஸ்லிமுக்குக் கொடுத்தால் சிறை. போத்தல் கையில் இருந்தால் பெர்மிட்டும் கையில் இருக்க வேண்டும்.

இளையதம்பி சொன்னபடி நடந்தார். கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்பில் உள்ளவர்கள் எவ்வளவு கெஞ்சியும் தன் பேரில் வாங்கிக் கொடுக்கவில்லை. மாதத்தில் ஒருநாள் டாக்ஸியில் போய்ப் பியர்ப் பெட்டி ஒன்று வாங்கி வருவார். மக்கீனின் வாகனத்தில் அதை ஏற்றியதேயில்லை.

1982இல் ஒரு வியாழக்கிழமை மணற்காற்று வீசியது. டாக்ஸி கிடைக்காமல் கடை வாசலில் நின்ற இளையதம்பியை அவ்வழியே வந்த மக்கீன் கண்டார். இளையதம்பி மறுத்தும் விடாமல் ஏறச் சொன்னார். இரண்டு மைல் போவதற்குள் பொலிஸ் மறித்தது. இளையதம்பி சட்டைப்பையைத் தடவினார். பெர்மிட் இல்லை.

பொலிஸ்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. மக்கீன்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

“காக்கா, பெட்டி என்ர எண்டு சொல்லுங்க. உள்ளுக்க என்ன இருக்கெண்டு உங்களுக்குத் தெரியாதெண்டும் சொல்லுங்க,” என்றார் இளையதம்பி.

மக்கீன் முதற்பாதியை மட்டும் சொன்னார். பிறகு, பெட்டியில் இருப்பது என்னவென்று தெரிந்துதான் ஏற்றினேன் என்றார். 

இருவரையும் நிலையத்துக்குக் கொண்டுபோய் இருத்தினார்கள். அதிகாரி கடைக்கு ஆள் அனுப்பினார். பெர்மிட் அங்கே மேசையில் கிடந்தது. பொறுப்பில்லாமல் விட்டுவந்ததற்காக அதை ஆறு மாதம் நிறுத்திவைத்து, அதைக் குறிப்பிட்டுச் சீல் குத்திக் கொடுத்தார். மக்கீனிடம் ஒரு வாக்குமூலம் வாங்கி, பொழுது சாயும் மஃரிப் தொழுகைக்கு முன் அனுப்பிவிட்டார்.

ஆனால், கேம்பிலிருந்து யாரோ ஊருக்கு எழுதிவிட்டார்கள். மக்கீன் குடித்துப் பிடிபட்டு மறியலில் அடைபட்டிருப்பதாக நிந்தவூரில் கதை பரவியது. மனைவி ஸம்ஸியா கடிதம் போட்டாள். அதில் இருந்தது ஒரே வரி, “இது உண்மையா?”

மக்கீனின் பதில் போய்ச்சேர மூன்று கிழமை ஆகும். அந்த வாரமே லீவில் புறப்பட்ட இளையதம்பி, கொழும்பிலிருந்து அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினார். வீரமுனை வந்தது, இறங்கவில்லை. பெட்டி படுக்கையோடு நிந்தவூரில் இறங்கி, மக்கீனின் வீட்டை விசாரித்துப் போனார்.

ஸம்ஸியாவின் வாப்பா, மக்கீனின் மாமனார் ஆதம்பாவா பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தவர். அவர் முன் சீல் குத்திய பெர்மிட்டை வைத்து, நடந்ததை ஒன்றும் விடாமல் இளையதம்பி சொன்னார்.

“தெரியாதெண்டு சொல்லச் சொன்னன். அவர் சொல்லல்ல,” என்று முடித்தார்.

ஆதம்பாவா பெர்மிட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அவன் பொய் செல்லமாட்டான். அதத்தான் நானும் ஊராக்களுக்குச் செல்லிட்டிருந்தன்,” என்றார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இளையதம்பியையும் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். கேட்டவர்களுக்கெல்லாம் இளையதம்பி மறுபடி சொன்னார். திரும்பி வரும்போது ஸம்ஸியா அறுக்குளா மீன் குழம்பு வைத்திருந்தாள்.

“ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்,” என்று அன்று மக்கீனுக்கு எழுதிய கடிதத்தில் சொன்னாள். மீதிப் பக்கங்களில் பிள்ளைகளின் கதையும், வேளாண்மை நன்றாக விளைந்திருக்கிற கதையும்தான்.