ஜான் பீ எடுத்த பன்னிரண்டு படங்கள்

தருமபுரிக் கடைத்தெருவில் ஜவுளிக்கடைக்காரர்களுக்கு ஜான் பீயைக் கண்டால் கொஞ்சம் பயம். துணியை விரித்துக் கரையையும் பூவையும் காட்டினால் அவர் அதைப் பார்க்கவே மாட்டார். "உள்பக்கம் காட்டுங்க" என்பார். திருப்பிப் போட்டு நூலை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார். இருபது வருஷமாகத் தையல் மிஷின் மிதிக்கிறவர் அவர். கடத்தூரிலிருந்தும் கம்பைநல்லூரிலிருந்தும் பெண்கள் பஸ்ஸேறி வந்து ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். கணவர் முனாப், தகரப் பெட்டி செய்கிறவர். தகரத்தைத் தட்டித் தட்டி அவருக்குக் காது மந்தமாகியிருந்தது. அதனால் வீட்டில் எதைக் கேட்டாலும் "நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் அவர்களுடைய ஒரே மகள் ஷரீபுன்னிசாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை நூர் பாஷா, கம்பைநல்லூர்க்காரர். ராணுவத்தில் லாரி பழுது பார்க்கிற வேலை, அம்பாலாவில். ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ், வியாழக்கிழமை ரயில். பெண்ணையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார். அம்பாலா எங்கே இருக்கிறது என்று ஜான் பீ விசாரித்தார். ரயிலில் மூன்று நாள் என்றார்கள். சேலத்துக்கு அந்தப் பக்கம் அவர் போனதே கிடையாது.

அன்றைக்கே ஒன்றை முடிவு செய்தார். மகளுடைய முகம் இந்த வீட்டில் ஒரு படமாகவாவது இருக்கவேண்டும். மாப்பிள்ளையும் கேட்டிருந்தார். பெண்ணும் தானும் சேர்ந்த படம் ஒன்றை ஆபீசில் கொடுத்தால்தான் குடும்பத்துக்கு வீடு கிடைக்குமாம்.

ஆனால் சம்மந்தியம்மா ரோஷன் பீ நிச்சயதார்த்தத்தன்றே சொல்லிவிட்டார்: "படமெல்லாம் புடிங்க, வேணாங்கல. ஆபீசு கேக்கறது சர்க்கார் சட்டம், அத விடுங்க. ஆனா அன்னிய ஆம்பளை யாரும் எங்க வூட்டு மருமக மொகத்தப் பாக்கக் கூடாது. ஆமா, சொல்லிட்டேன்."

படமும் வேண்டும், பிடிக்கிறவன் பார்க்கவும் கூடாது. இதற்கு எந்த ஸ்டுடியோவில் வழி இருக்கும்?

முதலில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பெரிய ஸ்டுடியோவுக்குப் போனார். அங்கே நாற்காலி போட்டு உட்காரவைத்து வரிசையாகச் சொன்னார்கள். ஆறு படம் ஒரு ரேட்டு. பன்னிரண்டு படம் ஆல்பத்தோடு ஒரு ரேட்டு. அதற்கும் மேலே, பிளாஷ் லைட்டோடு காரில் வந்து எடுத்து, ஒரு பெரிய படத்துக்கு வர்ணமும் தீட்டிக் கொடுப்பது.

"கார்ல வர்றதெல்லாம் சரிங்க. பொம்பளைங்க பக்கம் யார் வந்து எடுப்பாங்க?"

"நான்தாம்மா எடுப்பேன்."

"நீங்க பாக்கக் கூடாதுங்களே."

ஸ்டுடியோக்காரர் சிரித்தார். "பாக்காம எப்படிம்மா எடுக்கறது? டாக்டர்கிட்ட காட்டறதில்லையா, அந்த மாதிரி நெனச்சிக்கங்க."

"எங்க சம்மந்தியம்மா டாக்டர்கிட்டயே நாக்க மட்டுந்தாங்க காட்டுவாங்க" என்றார் ஜான் பீ. மேசையில் கிடந்த மாதிரிப் படங்களை எடுத்தார். முன்பக்கம் பார்க்காமல் வழக்கப்படி திருப்பினார். பின்பக்கம் திட்டுத்திட்டாக மஞ்சள் பூத்திருந்தது. படத்தை மருந்திலிருந்து எடுத்தபின் தண்ணீரில் சரியாக அலசாவிட்டால் அப்படித்தான் ஆகும் என்று அவருக்குத் தெரியாது. சாயத் துணியைச் சரியாக அலசாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். எழுந்து வந்துவிட்டார்.

கிருஷ்ணப்பனுடைய ஸ்டுடியோ ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது. ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். அவரிடம் ஒரே ஒரு கேமரா. ஜான் பீ அங்கேயும் படங்களைத் திருப்பினார். பின்பக்கம் சலவை வேட்டி மாதிரி வெள்ளையாக இருந்தது.

"அண்ணா, இந்தப் பொட்டிய நீங்கதான் அமுத்தணுமா?"

"வேற யாரும்மா அமுத்துவாங்க?"

"என் மிஷினு, யாரு கால் வெச்சாலும் ஓடுதுங்க. இது மட்டும் ஆளு பாத்தா ஓடும்?"

கிருஷ்ணப்பன் தலையைச் சொறிந்தார். அந்தக் கேமராவை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. ஆனால் அந்த மாதம் வேறு கல்யாணமும் வரவில்லை. கடைசியில் ஒரு யோசனை சொன்னார். முற்றத்தில் நிழலாக ஓர் இடம் பார்த்து, மூன்று கால் ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி எல்லாவற்றையும் திருகிவைத்துவிட்டு அவர் வெளியே போய்விடுவார். பெண் சரியாக எட்டடியில் உட்காரவேண்டும். கூடினாலும் குறைந்தாலும் முகம் கலங்கிவிடும்.

"எட்டடின்னா தொண்ணூத்தாறு இஞ்சு" என்று ஜான் பீ கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். "அரை இஞ்சு பெசகாதுங்க. அப்புறம்?"

அப்புறம் ஒவ்வொரு படம் எடுத்ததும் சாவியைத் திருகி பிலிமை நகர்த்தவேண்டும். கேமராவின் முதுகில் சிவப்புக் கண்ணாடி பதித்த சின்ன ஓட்டை. அதில் அடுத்த எண் வந்ததும் நிறுத்தவேண்டும். மறந்தால் ஒரு படத்தின்மேலேயே இன்னொரு படம் விழுந்துவிடும். ஜான் பீ மூன்று நாள் சாயங்காலம் மாடியேறி வந்து, பிலிம் இல்லாத கேமராவில் திருகியும் அமுக்கியும் பழகினார். நான்காம் நாள் கிருஷ்ணப்பன், "ஆகட்டும்மா. பன்னிரண்டு படம், ஆல்பம், அதுல ஒண்ணு பெருசு. அமுத்தற கூலிய கழிச்சிக்கறேன்" என்றார்.

இப்படியாக, தருமபுரியில் யாரும் கேட்டிராத ஓர் ஏற்பாட்டை ஜான் பீ தேர்ந்தெடுத்தார். முனாபிடம் விஷயத்தைச் சொன்னார்.

"நீயே பாத்துக்க."

"நான்தாங்க பாக்கப் போறேன். அதத்தான் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. ஆண்கள் பந்தலில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்முற்றத்தில் பின்னணிக்கு வெள்ளைத் துப்பட்டி கட்டியிருந்தது; அதற்கு எதிரே கேமரா நின்றது. கிருஷ்ணப்பன் வாசலில் தொங்கிய திரைக்கு வெளியே போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஜான் பீ டேப்பைப் பிடித்து அளந்து, தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, மகளை உட்காரவைத்து, முகத்திலிருந்த பூச்சரத்தை விலக்கினார்.

"நில்லுங்க" என்றார் ரோஷன் பீ.

கேமராவைச் சுற்றி வந்து முன்னாலும் பின்னாலும் பார்த்தார். திரைக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணப்பனுடைய செருப்பு தெரிவதையும் பார்த்தார்.

"ஆளு வெளியதான் இருக்கான், ஒத்துக்கறேன். நீங்கதான் அமுத்தறீங்க, அதுவும் சரி. அப்புறம் இந்தப் படத்தக் கழுவறது யாரு?"

மற்ற பெண்கள் கேமராவை விட்டுவிட்டு ஜான் பீயைப் பார்த்தார்கள்.

"கழுவறவன் பாக்கமாட்டானா? ஒரு மொகத்துக்குப் பன்னெண்டு மொகமா இல்ல உக்காந்து பாப்பான்?"

இருபது நாளாக எட்டடி, தொண்ணூற்றாறு இஞ்சு, சிவப்புக் கண்ணாடி என்று எல்லாவற்றையும் யோசித்த ஜான் பீக்கு இது தோன்றவே இல்லை. கண் கலங்கிவிட்டது. வியாழக்கிழமைக்கு நாலே நாள்தான் இருந்தது.

திரையருகே போய் நின்றார். "அண்ணா, படத்தக் கழுவறது யாருங்க?"

வெளியே ஸ்டூல் கிறீச்சிட்டது.

"அண்ணா, உங்களத்தான் கேக்கறேன்."

"அது… ரூமுக்குள்ள நடக்குதும்மா."

"ரூமுக்குள்ள யாருங்க?"

கிருஷ்ணப்பன் ஸ்டூலைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சத்தமா கேக்காதீங்கம்மா, பந்தல்ல ஆளுங்க இருக்காங்க. என் சம்சாரந்தான் கழுவறா. ரொம்ப வருஷமா அவதான். பொம்பள கழுவின படம்னு தெரிஞ்சா எல்லாரும் பெரிய ஸ்டுடியோவுக்குப் போயிடுவாங்கன்னு வெளிய சொல்றதில்ல."

ஜான் பீ திரும்பியபோது அவர் முகம் விளக்குப் போட்டது போலிருந்தது. ஆனால் ரோஷன் பீ அவ்வளவு சுலபத்தில் விடுகிறவர் அல்ல. "இவன் இப்ப சமாளிக்கறான். அந்தப் பொம்பளய நான் பாக்கணும்" என்றார்.

ஜட்கா வண்டி அனுப்பி, கிருஷ்ணப்பனுடைய மனைவி முனியம்மாளை அழைத்து வந்தார்கள். அடுப்பு வேலையைப் போட்டது போட்டபடி விட்டு வந்திருந்தாள். ரோஷன் பீ அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பத்து நகமும் மருந்தில் ஊறிப் பழுப்பேறியிருந்தன.

"மருதாணியா?"

"இல்லீங்க. படம் கழுவற மருந்துங்க. எத்தன வாட்டி சோப்பு போட்டாலும் போறதில்ல."

"சரி. நீ கழுவறப்ப உன் வூட்டுக்காரன் எட்டிப் பாக்கமாட்டான்னு என்னா நிச்சயம்?"

முனியம்மாள் சிரித்துவிட்டாள். "அந்த ரூமுல அவரால அஞ்சு நிமிஷம் நிக்க முடியாதுங்க. மருந்து வாசனை பட்டா தும்மல் புடிச்சிக்கும். ஒருக்கா ஒரு கவுண்டர் வூட்டுக் கல்யாணப் படம் மொத்தத்தையும் தும்மியே தரையில கொட்டிட்டாருங்க. அன்னிக்கித்தான் நான் அந்த வேலய வாங்கிக்கிட்டேன்."

திரைக்கு வெளியே கிருஷ்ணப்பன் கனைத்தார். "அதெல்லாம் எதுக்குடி சொல்ற?"

முற்றத்திலிருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். ரோஷன் பீ மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "பிலிமு?"

"நானே இடுப்புல சொருகி எடுத்துக்கிட்டுப் போறேங்க. படமும் பிலிமும் கவர்ல போட்டு ஒட்டி உங்க கையில குடுத்துடறேன்."

"அப்ப சரி, அமுத்துங்க" என்றார் ரோஷன் பீ.

அதற்குள் நேரமாகிவிட்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஜான் பீ எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் டேப்பை நீட்டி மகளுடைய மூக்கு வரைக்கும் அளந்தார். பூபூ, காலா என்று அத்தைகளும் சித்திகளும் நுழைந்து நுழைந்து பார்த்தார்கள். அவர்களை விரட்டிவிட்டு மறுபடி அளந்தார். ஷரீபுன்னிசாவுக்குக் கழுத்து வலித்தது.

"அம்மீ, சட்டையா தைக்கற? சீக்கிரம் அமுத்தும்மா!"

அவள் கையை ஓங்கிக் கத்திய அந்த நொடியில் ஜான் பீயின் விரல் பட்டுவிட்டது. கிளிக். "போச்சு, ஒண்ணு வீணாப் போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆறாவது முடிந்ததும், எல்லாரும் ஆச்சரியப்படும்படி ரோஷன் பீ முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்து கோட்டின்மேல் உட்கார்ந்தார். "என்னா பாக்கறீங்க? நான் மட்டும் என்னா ஆகாதவளா? எனக்கும் ஒண்ணு அமுத்துங்க." அந்தப் பதற்றத்தில் ஜான் பீ சாவியைத் திருக மறந்தார். பிறகு, கண்ணாடியில் முகம் பார்க்கிற ஜல்வா சடங்குக்காக மாப்பிள்ளை உள்ளே வந்தார். கண்ணாடியில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது ஜான் பீ இரண்டு தடவை அளந்து எடுத்தார்.

புதன்கிழமை மத்தியானம் முனியம்மாள் ஜான் பீயின் வீட்டுக்கு வந்து, அங்கே வந்திருந்த ரோஷன் பீயின் கையிலேயே கவரைக் கொடுத்தாள். படங்களைப் பாயில் பரப்பினார்கள். ஒன்று கலங்கியிருந்தது. ஒன்றில் தலைக்குமேல் முழம் அளவுக்கு வெள்ளைத் துப்பட்டி. ஜல்வாப் படத்தில் இருவர் முகமும் தெளிவாக விழுந்திருந்தன. நூர் பாஷா அதை ஆபீசுக்கென்று உடனே பையில் வைத்துக்கொண்டார்.

திருக மறந்த படத்தில் ஷரீபுன்னிசாவுடைய மடியில் ரோஷன் பீ உட்கார்ந்திருந்தார். மருமகளுடைய தோளிலிருந்து மாமியாருடைய தலை முளைத்தது போலிருந்தது. யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. ரோஷன் பீ அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத அம்பாலாவுக்கு எடுத்துக்கிட்டுப் போ" என்று மகனிடம் நீட்டினார். "இவள நீ ஒரு வார்த்த திட்டினா, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

அப்புறம்தான் எல்லாரும் சிரித்தார்கள்.

"பெருசு பண்றதுக்கு எந்தப் படங்க?" என்று முனியம்மாள் கேட்டாள். எல்லாரும் ஒரே படத்தைக் காட்டினார்கள். அதில் ஷரீபுன்னிசா தலையைக் குனிந்து, கண்ணைத் தாழ்த்தி, பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு அழகான படம்.

ஜான் பீ அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். கீழே வைத்துவிட்டார். பிறகு, வீணாகிவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டாரே, அந்தப் படத்தைத் தேடி எடுத்தார். ஓங்கிய கை, சுருங்கிய மூக்கு, கத்துகிற வாய்.

"இதப் பெருசு பண்ணுங்க."

"அம்மீ! வாயத் தொறந்துக்கிட்டு இருக்கேன். அசிங்கமா இருக்கு."

"தொறந்திருக்கட்டும். இந்த வூட்டுல நீ வாய மூடிக்கிட்டு எப்ப இருந்த? அந்தப் படத்துல இருக்கறது யாரோ. இதுதான் என் பொண்ணு."

ஷரீபுன்னிசா பிடுங்கக் கை நீட்டினாள். பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாக இருந்தாள். முனியம்மாள் அதற்குள் அந்த ஒரு பிலிமை மட்டும் எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு படியிறங்கியிருந்தாள்.