பெரியகுளத்தின் ஆறு ஜன்னல்கள்

தை மாதக் கடைசி, புதன்கிழமை. காலை ஐந்தே காலுக்கு மேலகரத்தில் முதல் பஸ் பிடித்துத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். மலைப்பக்கக் காற்று குளிராக அடித்தது. தலையைச் சுற்றித் துண்டு, கையில் ஒயர்க்கூடை. கூடைக்குள் தவிடும் கடலைப் புண்ணாக்கும் அவித்து மசித்த பலாக்கொட்டையும் சேர்த்துப் பிடித்த உருண்டைகள், தூக்குச்சட்டியில் பழையது, ஒரு சாக்கு.

கீழப்பாவூர் போகிற பஸ்ஸில் கண்டக்டர் என் பக்கத்தில் வந்து மூக்கைச் சுளித்தார்.

“என்ன ஆச்சி, வண்டி பூரா புண்ணாக்கு வாசம்? மாட்டுக்கா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். என்னிடம் மாடு கிடையாது. பஸ் நிறைய ஆட்கள் இருக்கும்போது மீன் பிடிக்கப் போகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுபத்தொரு வயதாகிறது, ஆனாலும் இந்தக் கூச்சம் போகவில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதனால் அவரும் மேற்கொண்டு கேட்காமல் நகர்ந்துவிட்டார்.

எதற்காகப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன ஆடியில் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். பன்னிரண்டு நாள் படுக்கை. மகன் போலீஸில் இருக்கிறான், மூன்று நாள்தான் லீவு கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான அம்மா. அவரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மகள்தான் இசக்கியம்மாள். பண்பொழிக்காரி. புளியறையில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டலில் சமையல் வேலை. தன் அம்மாவைப் பார்த்த கையோடு என்னையும் பார்த்தாள். தலை வாரினாள். சொல்லக் கூசும் வேலையெல்லாம் செய்தாள்.

நடக்கப் பழக்கியதும் அவள்தான். வராந்தாவில் ஒன்பது ஜன்னல்கள். “அடுத்த ஜன்னல் மட்டும் ஆச்சி. அங்கன போயி வெளிய ஒரு பார்வை பாத்துட்டுத் திரும்பிருவோம்” என்பாள். திரும்ப விடமாட்டாள். வீட்டுக்குப் போகச் சொன்ன நாளில் நான் நாலாவது ஜன்னல் வரை வந்திருந்தேன். அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டே இருந்தேன். ஆட்டோ வந்துவிட்டது. நான் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றேன். அவளே சொன்னாள்: “கால் சரியானதும் ஒங்க கையால ஒரு கொளத்து மீனு புடிச்சுத் தாங்க. அது போதும்.” நான் தூண்டில் போடுகிறவள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். படுத்துக் கிடந்தபோது எப்படியோ சொல்லியிருந்தேன்.

கால் சரியாக மாதங்கள் ஆயின. போன சனிக்கிழமை அவளிடமிருந்து போன். அவள் அம்மா காலமாகிவிட்டார். அவள் மகன் லாரி ஓட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் குடியிருக்கிறான், வியாழக்கிழமை அவளை அங்கேயே கூட்டிக்கொண்டு போகிறான். இனி பண்பொழியில் வீடு கிடையாது. ஆகவே புதன்கிழமைக்குள் மீன் பிடித்தாக வேண்டும்.

கீழப்பாவூர்ப் பெரியகுளத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓரிடத்தில் மூன்று சாயங்காலம் தொடர்ந்து இரை உருண்டை போட்டால் மீன் அந்த இடத்துக்குப் பழகிவிடும். நாலாம் நாள் காலையில் அந்த இடம் இரை போட்டவருக்கு. மற்றவர்கள் தெரிந்துகொள்ள ஒரு எருக்கங்கம்பை ஒடித்துச் சேற்றில் நட்டு வைப்பார்கள். கம்பு இருந்தால் யாரும் உட்கார மாட்டார்கள். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் பஸ் ஏறி வந்து ரெண்டாம் மடைப் பக்கம் உருண்டை போட்டேன். போன சீசனில் குற்றாலத்தில் வாங்கிய பலாவின் கொட்டையை மண்ணில் புதைத்து வைத்திருந்தேன். அதையெல்லாம் இதற்கே செலவழித்தேன். கம்பு மட்டும் நடவில்லை. அது என் பேரை எழுதிப் பலகை வைக்கிற மாதிரி எனக்குப் பட்டது.

ஆறு இருபது. டீக்கடைக் கூரையில் செருகி வைத்திருந்த என் மூங்கில் தூண்டிலை எடுத்துக்கொண்டு கரை ஏறினேன். குளத்தின்மேல் பனி கிடந்தது. ரெண்டாம் மடையில், என் இடத்தில், ஒரு அண்ணாச்சி மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மிலிட்டரியில் இருந்து வந்தவர். சக்கரம் வைத்த தூண்டில். என்னைவிடப் பத்து வயது சின்னவர்தான், ஆனாலும் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

“வாங்க ஆச்சி, உக்காருங்க. இன்னைக்கு என்னமா கடிக்குதுங்கிய! பத்து நாளா வாறேன், இப்படிப் பாத்ததே இல்ல.”

அவர் பார்த்திருக்க மாட்டார். என் பலாக்கொட்டை தின்று பழகிய மீன்கள் அவை. “இருக்கட்டும் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவர்மேல் தப்பில்லை. கம்பு இல்லை, உட்கார்ந்தார்.

இந்த மடை நல்ல இடம் என்பதைச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஆழம், மருதமர நிழல், உட்காரக் கல். பெரிய கெண்டை வேண்டுமென்றால் இதைவிட வேறு இடமில்லை. அதனால்தான் மனசு வலித்தது.

ஏழு மணி, படித்துறை. துவைக்கிற சத்தத்துக்கு மீன் போய்விடும் என்று நினைப்பீர்கள். ஜிலேபி மீன் போகாது. பாத்திரம் கழுவுகிற சோற்றுக்குக் காத்துக்கிடக்கும். ஒரு பருக்கை குத்திப் போட்டால் போதும். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு ஏற்ற இடம். உள்ளங்கை அகலத்தில் மூன்று கிடைத்தது. விருந்துக்குக் கொண்டுபோகிற மீன் இல்லை. தண்ணீரிலேயே விட்டேன்.

ஏழே முக்கால். குளம் நிறைந்தால் தண்ணீர் வழிகிற கலுங்கு. அன்று லேசாக வழிந்தது. ஐந்தாறு ஆண்கள் வரிசையாக நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக நின்று கூடையைத் திறந்தேன். சுடலை என்று ஒருவன், எப்போதும் வாய் சும்மா இருக்காது.

“ஆச்சி, மீன் புடிக்க வந்தியளா, மீனுக்கு விருந்து வைக்க வந்தியளா?”

“ஏலே, சும்மா இரி” என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். “அந்தக் கூடைல இருக்கது ஒன் வீட்டு இட்லியவிட மெதுவா இருக்குல்லா.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, துண்டால் வாயை மூடிக்கொண்டேன். பேச்சுத்துணை வேண்டுகிறவர்கள் கலுங்குக்கு வரலாம். எனக்கு ஒரு கெளுத்தி பட்டது, முள் கையில் ஏறியது. பெரியவர் மஞ்சள் வைத்திருந்தார், கேட்காமலே எடுத்துத் தடவிவிட்டார்.

அதற்குமேல் நடக்க வேண்டாம் என்று கால் சொன்னது. கம்பி வைத்த இடம் குளிருக்கு இறுகிக் கிடந்தது. அடுத்த ஜன்னல் மட்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

எட்டே முக்கால், வாய்க்கால் வந்து குளத்தில் விழும் இடம். சிற்றாற்றுத் தண்ணீர், கண்ணாடி மாதிரி இருக்கும். கோரைக்குள் விரால் நிற்கும். விராலுக்கு உயிருள்ள தவளையைக் குத்திப் போட வேண்டும். அது என்னால் ஆகாது. பழையதைச் சாப்பிட்டேன். ஒரு விரால் வந்து மூச்செடுத்துவிட்டு இறங்கியது. அதற்கும் இரை இல்லை, எனக்கும் மீன் இல்லை.

ஒன்பதரை, உள்வாய். மடைக்கு நேர் எதிர்க்கரை. கருவேல மரங்கள் தண்ணீருக்குள் நிற்கும், மரம் முழுக்க நாரையும் கூழைக்கடாவும். தூண்டில் இல்லாமலும் இங்கே வரலாம். தூண்டிலோடு வந்தால் உபரியாகத் தூண்டில் முள் கொண்டுவாருங்கள். என் முள் அடிவேரில் மாட்டி அறுந்துபோனது. மிச்சம் ஒன்றே ஒன்று.

பத்து இருபது, பழைய பம்ப் மேடை. குளத்துக்குள் இருபதடி நீண்டு கிடக்கும் சிமெண்டுப் பாலம், முனையில் உடைந்த அறை. மூன்று பக்கமும் தண்ணீர். காலைத் தொங்கவிட்டு உட்காரலாம். இந்தக் குளத்தில் எனக்குப் பிடித்த இடம் உண்மையில் இதுதான். ஆனால் வெயில் ஏறியபின் மீன் கடிக்காது. தக்கை அசையாமல் நின்றது. அங்கிருந்து பார்த்தால் ரெண்டாம் மடை தெரிகிறது. அண்ணாச்சியின் நாற்காலியும் தெரிந்தது.

ஒரு மணி பஸ்ஸை விட்டால் பண்பொழிக்குப் பொழுதோடு போய்ச் சேர முடியாது. வெறுங்கையோடு போய் நிற்கலாம். போகாமலும் இருந்துவிடலாம், அவள் ஒன்றும் நினைக்க மாட்டாள். அவள் ஒன்றும் நினைக்க மாட்டாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மேடைக்கு வெளியே வழியோரம் எருக்கஞ்செடி பூத்து நின்றது. ஒரு கம்பு ஒடித்தேன். கையெல்லாம் பால்.

பதினொன்றே கால். மடைக்கு வந்துசேர்ந்தேன். குனிந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் கம்பை நட்டுவிட்டு நின்றேன்.

அண்ணாச்சி கம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கூடையில் இருந்த உருண்டைகளைப் பார்த்தார். சட்டென்று எழுந்தார்.

“அடக் கடவுளே! ஒங்க இரையா ஆச்சி? காலைலயே சொல்லக்கூடாதா? நான் பாட்டுக்கு என் தெறமன்னு நெனச்சிக்கிட்டு வீட்டுக்கு வேற போன் போட்டுச் சொல்லிட்டேன்!”

நாற்காலியை எனக்கே விட்டார். தண்ணீரில் கிடந்த வலைப்பையைத் தூக்கினார். உள்ளே இரண்டு பெரிய கெண்டை.

“வயித்தக் கீறிப் பாத்தா ஒங்க உருண்டதான் இருக்கும். ஒங்க மீனுதான், எடுத்துக்கிடுங்க.”

எடுத்திருந்தால் அடுத்த பஸ்ஸுக்கே போயிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் ஒங்க கையால என்றுதானே அவள் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன். அவர் கரையில் நின்றுகொண்டார், பாரா நிற்பவர் மாதிரி. அந்தப் பக்கம் வந்த ஆடுகளைக்கூட சத்தம் போடாமல் கையைக் காட்டி விரட்டினார்.

பன்னிரண்டு பத்து. தக்கை ஒருமுறை படுத்தது, எழுந்தது, பிறகு மெதுவாக உள்ளே போனது. மூங்கில் வளைந்தது. “விடாதீங்க ஆச்சி, விடாதீங்க” என்று அண்ணாச்சி கத்தினார், ஆனால் தூண்டிலைத் தொடவில்லை. அதற்காக அவரை நான் மறக்க மாட்டேன். முழங்கை நீளக் கெண்டை. நானே கரையேற்றினேன்.

“இனிமே மறக்காம கம்ப நடுங்க” என்றார், ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுக்கும்போது.

ஒரு மணி பஸ். அதே கண்டக்டர். சாக்கிலிருந்து வால் வெளியே தெரிந்தது.

“ஆச்சி, மாடுன்னு சொன்னிய? மாடு செதிலோடல்லா வருது!”

தென்காசியில் மாறி, செங்கோட்டையில் மாறி, பண்பொழியில் இறங்கும்போது மூன்றாகிவிட்டது. திருமலைக்கோயில் மலை உச்சி வெயிலில் நின்றது. ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய்.

இசக்கியம்மாள் வாசலில் சாக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். சாக்கில் சட்டி, பானை, அம்மாவின் கைத்தடி. மீனை நீட்டினேன். அவள் மீனைப் பார்க்கவில்லை. சேறு காய்ந்த என் காலைப் பார்த்தாள்.

“எங்கன நடந்திய ஆச்சி?”

சொன்னேன். மடை, படித்துறை, கலுங்கு, வாய்க்கால், உள்வாய், பம்ப் மேடை, திரும்ப மடை. என் வாழ்க்கையில் நான் ஒரேமூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டே வந்தாள்.

“ஆறு ஜன்னலு! ஆஸ்பத்திரில நாலுக்கே அழுதியளே.” சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். “முழுக்கொளத்தயுமா சுத்துனிய! அந்த அண்ணாச்சி எந்திரிக்கலன்னா இன்னொரு சுத்து போயிருப்பியளோ?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலேயே வாயைத் திறந்திருந்தால் ஏழு மணிக்கு மீன் கிடைத்திருக்கும். ஆனால் இந்த நடையை அவளிடம் கொண்டுவந்திருக்க முடியாது. அண்ணாச்சிக்கும் மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

கட்டிய சாக்கை அவிழ்த்து ஒரு சட்டியை எடுத்தாள். மீன் வயிற்றைக் கீறியபோது மஞ்சளாக மாவு வந்தது.

“இது என்ன ஆச்சி?”

“பலாக்கொட்ட. நான் போட்டது.”

“எனக்குத் தாறதுக்கு முன்ன அதுக்கும் சோறு போட்டியளாக்கும்.”

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தட்டுகள் எல்லாம் கட்டிவிட்டதால் வாழையிலை. தலைப்பாகத்தை எனக்கு வைத்தாள், நான் அவள் இலைக்கு மாற்றினேன், அவள் திரும்ப எனக்கே வைத்தாள்.

ஐந்தரை பஸ்ஸுக்கு என்னை விட வந்தாள். பழக்கத்தில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில் கையை விட்டுவிட்டு, இரண்டடி பின்னால் நின்று நான் நடப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். “நீ நல்லாருக்கணும் இசக்கி” என்றேன். ஆடியில் சொல்ல வேண்டியது.

அவள் கீழே நின்று என் ஜன்னல் கம்பியைத் தட்டினாள். “அடுத்த ஜன்னலு புனலூர்ல இருக்கு ஆச்சி. மெதுவா வாங்க.”

பஸ் கிளம்பியது. நிற்க இடமில்லாத கூட்டம். கண்டக்டர் என் வரிசைக்கு வந்ததும், அவர் ஒன்றும் கேட்பதற்கு முன் நானே கேட்டேன், எல்லோரும் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில்: “தம்பி, செங்கோட்டையிலருந்து புனலூருக்கு காலைல எத்தன மணிக்கு வண்டி?”