"பாண்டி, கதவைத் திற"

இன்னிக்கு தொழிலாளர் கோர்ட்டுல, பரவைப் பக்கத்து அரிசி மில் முதலாளி கூண்டுல ஏறி, "இந்தம்மா யாருன்னே தெரியாது, எங்க மில்லுல வேலையே பார்க்கல"ன்னு சத்தியம் பண்ணினாரு.

இந்தம்மான்னா என் கட்சிக்காரர் பாண்டியம்மா அக்கா. அந்த மில் பெல்ட்டுலதான் வலதுகை விரலெல்லாம் போச்சு.

வழக்கைத் தள்ளிவச்சுட்டாங்க. வெளிய வந்தோம். கார்கிட்ட நின்ன முதலாளி, திரும்பிக்கூடப் பார்க்காம, "பாண்டி, கதவைத் திற"ன்னாரு.

அக்கா ஓடிப்போய் இடது கையால திறந்துவிட்டாங்க.

அங்கிமேல கறுப்புக் கோட்டோட நான் மாதா சிலை மாதிரி நின்னேன். சுத்திமுத்தி ஒரு ஈ காக்கா இல்ல. அவங்க வக்கீல் நானே சாட்சி சொன்னா எடுபடுமா?

இவங்கள மாதிரி ஆளுங்களுக்காக வாதாடணும்னுதான் கன்னியாஸ்திரி ஆனப்புறம் வக்கீலுக்கும் படிச்சேன். இன்னிக்கு ஜெபம்கூட வாயில வரல.

பழங்காநத்தம் பஸ்ஸுல, "ஏன்க்கா போனீங்க?"ன்னு கேட்டேன்.

"கூப்பிட்டாருல்ல சிஸ்டர். காலு தானாப் போயிருச்சு."

இறங்கும்போது அவங்களே, "விடுங்க சிஸ்டர், உங்க சாமி பார்த்திருக்கும்ல?"ன்னாங்க.

பார்த்திருக்கும்.

அதுக்கு எந்த அட்ரஸுக்கு சம்மன் அனுப்பணும்னு தெரிஞ்ச வக்கீலுங்க யாராச்சும் இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க.