கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்கள்

அந்த மனிதர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு முறுக்கும் ஒரு டம்ளர் காப்பியும் சாப்பிட்டார். "காப்பி ஒசத்தியா இருக்கு மதினி" என்றார். இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று நான் கேட்டேன். இதை எழுதும்போதே ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. அவர் மேலா, என் மேலா என்று கேட்டால், சத்தியமாக என் மேல்தான் அதிகம்.

வண்ணார்பேட்டையில் பஸ் இரைச்சலை விட்டு நாலு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தெரு. முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டுக்காரர் அன்று மகனைப் பார்க்க மதுரை போயிருந்தார். தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. பேங்கில் இருந்து பேசுகிறோம் என்பான், கூரியர் வந்திருக்கிறது என்பான், கேஸ் அடுப்பைப் பரிசோதிக்க வந்தோம் என்பான், ஒருத்தனையும் நம்பாதீர்கள் என்று தினமும் காலையில் குட்மார்னிங்குக்குப் பதிலாக எச்சரிக்கைதான் போடுவேன். நகைக்குப் பாலீஷ் போட வந்த ஒருவனைக் குடைக்கம்பை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை விரட்டியிருக்கிறேன். அவன் ஓடிய ஓட்டத்தைத் தெருவே வாசலில் நின்று பார்த்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது என்பதும் உண்மை.

எதிர்வீடு மாடி இல்லாத ஒற்றைத் தட்டு வீடு. அதில் வாடகைக்கு இருந்தவள் ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ். முப்பது வயது இருக்கும். ராதாபுரம் பக்கத்துப் பிள்ளை. புருஷன் மஸ்கட்டில். அவள் தங்கைக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். ஆறு வருஷம் நகைச்சீட்டு கட்டி, ஓவர்டைம் பார்த்து, தங்கைக்கென்று பன்னிரண்டு பவுன் சேர்த்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக வாங்கும்போதும் முதலில் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டுவாள். வளையலை நான் கையில் போட்டுப் பார்த்து, அழகா இருக்கு என்று சொன்ன பிறகுதான் பீரோவில் வைப்பாள். "எங்க வீட்டாளுங்களையும் உங்களையும் விட்டா ஒருத்தருக்கும் தெரியாது டீச்சர்" என்பாள். தனியாக இருக்கிறாளே என்று நான் அவளுக்கு ஒரு ஏற்பாடு செய்து கொடுத்திருந்தேன். யார் வந்தாலும் கிரில் கதவைத் திறக்காதே, சந்தேகம் என்றால் டீச்சரைக் கேட்டுவிட்டு வாங்க என்று சொல்லிவிடு, நான் விசாரித்துக்கொள்கிறேன் என்று.

அன்று காலை பத்து மணி இருக்கும். வாசலில் ஒரு ஆணும் பெண்ணும் நின்றார்கள். அவருக்கு நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அந்த அம்மாள் கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ், மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு.

"என்ன மதினி, சௌக்கியமா இருக்கியளா? எங்களத் தெரியுதா?"

எனக்குத் தெரியவில்லை. முகத்தைத் துழாவித் துழாவிப் பார்க்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் எங்கள் ஆட்களில் கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்களைப் பார்த்து நீங்க யாரு என்று கேட்டால் தீர்ந்தது. டீச்சருக்கு ரொம்பத்தான் பவிசு, சொந்தக்காரனையே தெரியலையாம் என்று மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவார்கள். என் பெரியம்மா மகள் ஒருத்தி அப்படிக் கேட்டுவிட்டு இன்றைக்கும் ஒரு குடும்பத்தோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறாள். அதனால் நாங்கள் எல்லோரும் கைவசம் வைத்திருக்கும் அந்தப் பதிலை நானும் சொன்னேன்.

"தெரியாம என்ன. வாங்க, வாங்க. உள்ள வாங்க."

உட்கார வைத்துவிட்டு நான் ஆரம்பித்தேன். "நீங்க கல்லிடைக்குறிச்சி அத்தை வீட்டு வகையிலதான?" என்றேன். "அவிய வீடேதான்" என்றார். "அத்தைக்கு முட்டுவலி எப்படி இருக்கு?" என்றேன். "பைய நடக்காவ, முன்ன மாதிரி முடியல" என்றார். "அப்ப இது மூத்த பேரன் கல்யாணம்" என்றேன். "சரியாச் சொல்லிட்டியளே" என்று அந்த அம்மாள் சிரித்தாள். இப்போது உட்கார்ந்து யோசித்தால்தான் தெரிகிறது. அந்த அரைமணி நேரத்தில் அவர்களாக ஒரு விவரம் சொல்லவில்லை. ஊர், உறவு, நோய், பேரன் எல்லாவற்றையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் தலையை ஆட்டினார்கள், அவ்வளவுதான்.

பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். வந்தவர்கள் முன்னாலேயே பிரித்துப் படிக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அது என்னவோ மொய்க்கவரைப் பிரித்துப் பார்ப்பது மாதிரி ஒரு கூச்சம்.

பிறகு அவர் சொன்னார். "வீடு தெரியாம மொதல்ல எதிர்த்த வீட்டுல போய் நின்னோம் மதினி. அந்தப் பிள்ளை கதவையே தொறக்கலயே. டீச்சர் சொன்னாத்தான் தொறப்பேன்னுட்டு. நல்ல சூதானமான பிள்ளை."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் பயிற்சி அல்லவா. அந்தப் பெருமையில் வாய் அவிழ்ந்துகொண்டது. பாவம், ஆஸ்பத்திரியில் நர்ஸ், புருஷன் வெளிநாட்டில், தங்கச்சிக்குத் தையில் கல்யாணம், ஒண்டியாகவே நகையெல்லாம் எடுத்து முடித்துவிட்டாள், அதுதான் இப்படிப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறாள் என்று கடகடவென்று ஒப்பித்தேன். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார். சொன்னேன். "அட, அங்கனதான எங்க அம்மாவச் சேத்திருந்தோம்! இந்தப் பிள்ளைதான் மகளாட்டம் பாத்துக்கிட்டா. அதான் எங்கயோ பாத்த முகமா இருக்குன்னு நெனச்சேன். அவளுக்கும் ஒரு பத்திரிகை வைக்காமப் போனா நல்லா இருக்காது மதினி."

நான் வாசலுக்கு வந்து, தெருவே கேட்கும்படி குரல் கொடுத்தேன். "ஏ பிள்ள, கதவத் தொற. நம்ம சொந்தக்காரங்கதான். எனக்கு நல்லாத் தெரியும்."

அவள் சாவியைப் போட்டு கிரில்லைத் திறந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவர்கள் எப்போது போனார்கள் என்று கவனிக்கவில்லை. சாம்பாருக்குப் பருப்பைப் போட்டுவிட்டு, கல்யாண விஷயத்தைப் பேசலாமே என்று தென்காசியில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டேன். கல்லிடைக்குறிச்சி அத்தை வீட்டில் கல்யாணமாமே, உனக்குப் பத்திரிகை வந்துவிட்டதா என்றேன்.

"கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? மூத்தவனுக்குப் போன வருசந்தான கல்யாணம் முடிஞ்சுது. நீயும் நானுந்தான போய்ட்டு வந்தோம்."

போய்விட்டு வந்தோம்தான். பந்தியில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டதுகூட ஞாபகம் வந்தது. போனை வைக்காமலேயே சாமி படத்துக்கு முன்னால் இருந்த பத்திரிகையைப் பிரித்தேன். உடன்குடியில் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம். ஒரு பெயரும் எனக்குத் தெரிந்த பெயர் இல்லை. நாள் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. செருப்புக்கூடப் போடாமல் எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

அவள் அடுப்படியில் நின்று காப்பி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். "வாங்க டீச்சர். நல்ல மனுசங்க ஒங்க சொந்தக்காரங்க. அந்த அம்மா அடுப்படி வரைக்கும் வந்து எங்க தங்கச்சிக்கு என்ன சீர் செய்யப் போறேன்னு எவ்வளவு நேரம் பேசிக்கிட்டு இருந்தாவ தெரியுமா? அவர் சாமி ரூம்புல பத்திரிகை வச்சுக் கும்பிட்டுட்டு..."

"பீரோவப் பாரு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னது டீச்சர்?"

"பீரோவப் பாருட்டி!"

பீரோ சாமி அறையில்தான் இருந்தது. சாவி எப்போதும்போல அதிலேயே தொங்கியது. கதவு சாத்தித்தான் இருந்தது. திறந்தாள். புடவைகள் அடுக்கினது அடுக்கினபடி இருந்தன. அடியில் கைவிட்டுத் துழாவினாள். எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்டாள். பிறகு பேயறைந்தவள் மாதிரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். பூஜை அலமாரியில் அவளுக்கு வைத்த பத்திரிகை இருந்தது. பக்கத்தில் காம்பு கிள்ளிய நாலு வெற்றிலையும் பாக்கும்கூட ஒழுங்காக வைத்திருந்தார்கள். அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் எனக்குத் தலை சுற்றியது. ஒருத்தியின் ஆறு வருஷத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளி வைத்துவிட்டா போவார்கள்?

ஸ்டேஷனில் ஏட்டு ஒருவர் எழுதிக்கொண்டார். என்னை விடச் சின்ன வயசு, பொறுமையான ஆள். நானும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"வீட்டுல நகை இருக்கது யார் யாருக்கெல்லாம் தெரியும்?"

"எங்க வீட்டாளுங்களத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது சார்" என்றாள். "டீச்சருக்கு மட்டுந்தான் தெரியும். டீச்சர் வெளிய சொல்ல மாட்டாவ."

ஏட்டு அதை அப்படியே எழுதினார். பேனா நகர்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா இருந்துவிடலாம் என்று தோன்றியது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. தோன்றத்தான் செய்தது. என் வீட்டு நாற்காலியில் என்ன பேசினோம் என்பது யாருக்குத் தெரியப்போகிறது? அவள் என் பக்கத்தில் அவ்வளவு நம்பிக்கையாக உட்கார்ந்திருந்தாள். என் தோள் அவள் தோளில் பட்டுக்கொண்டிருந்தது.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

ஏட்டு நிமிர்ந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு, எனக்குக் கை கொடுக்கிற மாதிரியே கேட்டாள்.

"சொந்தக்காரங்கன்னுதான சொன்னீய டீச்சர்? முன்னப் பின்ன பழக்கமானவங்கதான? பழகினவங்களே இப்படிச் செஞ்சிட்டாவ, அதுக்கு நீங்க என்ன செய்வீய?"

"இல்ல" என்றேன். "அவங்கள முன்னப் பின்ன பாத்ததே கிடையாது. யாருன்னு கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டுத் தெரியும்னு சொல்லிட்டேன்."

அவள் தோள் என் தோளை விட்டு விலகியது. ஏட்டு முதலில் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். என்னென்னவோ கேட்டார். உயரம் என்ன, நிறம் என்ன, பேச்சு எந்த ஊர்ப்பக்கம் என்று. கேட்டதற்கெல்லாம் சொன்னேன். முப்பது வருஷம் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்தவள் என்று பீற்றிக்கொள்வேன். அந்தப் பெஞ்சில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் கை வளையல் இரண்டையும் கழற்றி அவள் மடியில் வைத்தேன். அவள் அதைத் தொடக்கூட இல்லை. எடுத்து ஏட்டு மேசையில் வைத்துவிட்டாள்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று அவள் ஊருக்குப் போன் போட்டாள். மணி அடிக்கும்போதே போனை என் கையில் கொடுத்தாள்.

"எங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. என்னால முடியாது."

அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். பின்னால் ஆட்டுக்குட்டி கத்தியது.

"சொல்லுட்டி, சாப்ட்டியா?"

"அம்மா, நான் எதிர்த்த வீட்டு டீச்சர் பேசுதேன்."

"டீச்சரா!" அந்தக் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நல்லா இருக்கியளா? ஒங்களப் பத்தித்தான் அவ அப்பாகிட்ட இப்ப சொல்லிக்கிட்டு இருந்தேன். அவ்வளவு நகைய வச்சுக்கிட்டு அந்தப் பிள்ளை ஒத்தையில கெடக்காளேன்னு மொதல்ல பயந்துக்கிட்டுக் கெடந்தோம். நீங்க எதிர இருக்கியள்லா, அதான் இப்ப நிம்மதியாத் தூங்குதோம்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன். என் பக்கத்தில் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர்? லைன்ல இருக்கியளா?"