பேச்சியக்காவின் ஒடிந்த வில்

பேச்சியக்கா போய்விட்டார். காலையில் அவர் மகன் போன் பண்ணினான். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில், தூக்கத்திலேயே...

இங்கே நிறையப் பேருக்கு அவரைத் தெரியாது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எங்கள் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாக்களில் வில்லுப்பாட்டுப் பாடியவர். மற்ற நாளில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. நான் ராஜபாளையத்தில் ஒரு மரக்கடையில் இருந்தேன். கொடை வந்தால் அவர் குழுவில் குடம் அடிப்பேன்.

என்னை "ஏலே குடம்" என்றுதான் கூப்பிடுவார். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

வாய் என்றால் அப்படி ஒரு வாய். ஒருநாள் மைக் செட்காரர் ஏதோ அலுத்துக்கொண்டார். அக்கா சொன்னார்: "ஓய், என் தொண்டைய நம்பி ஊரே உக்காந்திருக்கு. ஒம்ம மிஷின நம்பி நான் வரல." மனுஷன் மைக்கைச் சரிபண்ணப் போய்விட்டார்.

வில் அவருடைய அப்பாவினுடையது. அப்பா அந்தக் காலத்தில் பெரிய வில்லுப்பாட்டுப் புலவர். ஆண் பிள்ளை இல்லை. "பொம்பளைக்கு எதுக்கு வில்லு?" என்று, தானும் வில்லுப்பாட்டுப் பாடுகிற அக்காவின் பெரியப்பா மகன் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா பாடிக்கொண்டே இருந்தார்.

அந்த வில்லுக்கு வருஷா வருஷம் பழைய துணி மேலேயே புதுச் சிவப்புத் துணி சுற்றுவார்கள். அவிழ்க்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அதனால் உள்ளே இருக்கிற மரத்தை யாருமே பார்த்ததில்லை. வைரம் பாய்ந்த பனை என்று அப்பா சொல்லுவாராம். நாங்களும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

வத்திராயிருப்புப் பக்கம் ஒரு கொடை. கதை பாதியில் இருக்கும்போது வில் நடுவில் ஒடிந்துவிட்டது.

அக்கா வில்லை அடிக்கிற வீசுகோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ அடிலே." என் குடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மங்களம் வரைக்கும் பாடி முடித்தார். அவர் குரல் நடுங்கவில்லை.

ஆனால் பேச்சு கிளம்பிவிட்டது. பொம்பளை கையில் வில் ஒடிந்தால் ஊருக்கு ஆகாதாம். தளவாய்புரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் அடுத்த கொடை. பெரியப்பா மகனைக் கூப்பிடலாமா என்று அங்கே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த ஒரு ஊர் போனால் மற்ற ஊர்களும் போகும். பாட்டு போனால் அக்காவுக்கு என்ன மிச்சம்...

ஒடிந்த வில்லோடு எங்கள் கடைக்கு வந்தார். அதே மரத்தில் புதுசு செய்ய வேண்டும், அதனால் உள்ளே என்ன மரம் என்று பார்க்க வேண்டும். சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு அவரே துணியை அவிழ்த்தார். சுற்றுச் சுற்றாக வந்துகொண்டே இருந்தது.

நடுவில் இரண்டு இரும்புப் பூண். அதற்கு அடியில் ஒட்டு. வில் ஒரே மரம் இல்லை... இரண்டு பாதி!

ஒரு பாதி பனை. ஊசி ஊசியாகக் கறுப்பு நார், தெளிவாகத் தெரிந்தது. ஒட்டுப்போட்ட இடத்தில் உளுத்துப் பொடி கொட்டியது. மறுபாதி உறுதியாக இருந்தது, ஆனால் நிச்சயமாகப் பனை இல்லை. முனையில் கொஞ்சம் பட்டை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மரக்கடைக்காரன் என்ற கெத்தில், "வேம்பு" என்றேன். அக்கா ஒரு சீவலை வாயில் போட்டு மென்றார். "கசக்கலியே. வேற சொல்லு." புளி என்றேன். சிரித்துவிட்டார். "பாத்துச் சொல்லுதியா, வாய்க்கு வந்தத அடிச்சு விடுதியா?"

பட்டையை நனைத்து உரித்தோம். உள்ளே நார் நீளமாக வந்தது. இரண்டு கையாலும் இழுத்தார், அறவில்லை. அப்புறம் மரத்தைக் கொஞ்சம் சீவி முகர்ந்து பார்த்தார். பழைய தோல் மாதிரி லேசான வாடை. சுற்றிப் பார்த்துவிட்டு, கடையில் கிடந்த கோடாலியை எடுத்து அதன் காம்பையும் சீவச் சொன்னார். அதே நிறம், அதே வாடை.

சடச்சி மரம்! செண்பகத்தோப்புப் பக்கம் விறகு கட்ட இந்தப் பட்டையைத்தான் உரிப்பார்கள். வளையும், லேசில் ஒடியாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா கையிலேயே இந்த வில் ஒருதடவை ஒடிந்திருக்கிறது. மறுபாதிக்குச் சடச்சியை ஒட்டுப்போட்டு, துணி சுற்றி, அவிழ்க்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நான் துள்ளினேன். "அக்கா, இத அப்படியே ஊர்க்காரங்க முன்னால போடுங்க! ஆம்பள கையிலயும்தான ஒடிஞ்சிருக்கு!"

அக்கா அந்தத் துணியை எடுத்துத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார்.

"எங்கப்பாவ எறக்கிவிட்டுட்டு நான் ஏறணுமாலே?"

எனக்குக் கோபம்தான் வந்தது. செத்துப்போனவருக்காக உயிரோடு இருக்கிற நீங்கள் ஏன் சாக வேண்டும் என்று கத்தினேன். "செத்த நேரம் சும்மா கெட" என்றார். அவ்வளவுதான்.

கடைக்கு ஏலத்தில் எடுத்து வந்த மர லோடில், பட்டையைப் பார்த்துப் பார்த்து ஒரு சடச்சிக் கம்பை அவரே பொறுக்கினார். வண்டி செய்கிற ஆசாரி வில்லாக்கிக் கொடுத்தார். அதோடு தளவாய்புரத்துக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போனோம்.

"பழைய வில்லு என்னாச்சு தாயி?" என்றார் ஊர்ப் பெரியவர்.

"என் கையிலதான் ஒடிஞ்சுது ஐயா. இந்தா, புதுசும் என் கையிலதான் இருக்கு. ஒரு பாட்டு அடிச்சுக் காட்டுதேன். பிடிக்கலன்னா வேற ஆளக் கூப்பிடுங்க."

அடித்தார். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு நாதத்தை நான் கேட்டதில்லை. ஊர்க்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கொடை அவருக்குத்தான்.

கொடையன்று பெரியப்பா மகனும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா எல்லாரையும் கும்பிட்டுவிட்டுப் பாட்டை எடுத்தார். "எங்கப்பன் கையில் ஒருநாளும் ஒடியாத வில்லு..." என்று தொடங்கினார்.

குனிந்துகொண்டு குடத்தை அடித்தேன். கண்ணீர் குடத்தின் மேலேயே விழுந்தது.

இத்தனை வருஷமும் யாரிடமும் மூச்சு விட்டதில்லை அக்கா. இன்றைக்கு முடியவில்லை.

போய் வாங்க. அங்கே அப்பாவைப் பார்த்தால், நான் சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீங்க.