லெய்சோங்கி படித்துப் பார்த்த விதிமுறைகள்

எங்கள் தீவு நாட்டின் தலைநகரான போர்ட் விலாவில் ஒரு வக்கீலிடம் நிலக் குத்தகைப் பத்திரங்களைத் தட்டச்சு செய்கிறவர் லெய்சோங்கி. எங்கள் பாங்கோ ஊர் இசைக்குழுவில் முதல் குரலும் அவருடையதுதான். நான் அதில் உகுலேலே என்ற சின்ன கிதார் வாசிக்கிறேன்.

கணவர் படகோடு கடலில் மூழ்கி இறந்த வருடம் அவருக்காக லெய்சோங்கி ஒரு பாட்டு கட்டினார். நினைவு நாளன்று தேவாலயத்தில் பாடுவோம், வேறெங்கும் பாடியதில்லை.

அவருடைய கொழுந்தன் கலோருஸ், எங்கள் குழுவில் பாஸ் என்ற தாழ்சுருதி வாத்தியம் வாசிக்கிறவன், அதைக் கைபேசியில் பதிந்து ஒரு இசைப் பகிர்வுத் தளத்தில் ஏற்றிவிட்டான். அண்ணனைப் பற்றி உலகம் கேட்கட்டும் என்ற ஆசைதான். ஆறு மாதம் கழித்து, சந்தையில் கிழங்கு வாங்கிக்கொண்டிருந்த லெய்சோங்கியின் காதில் தன் குரலே விழுந்தது. யாரோ கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த உல்லாசப் படகு விளம்பரம். பின்னால் நடனத் தாளம். கூடையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

கலோருஸிடம் அவர் சத்தம் போடவில்லை. ஒப்புக்கொள்வதற்கு முன் தளத்தின் விதிகளைப் படித்தானா என்று மட்டும் கேட்டார்.

"அதெல்லாம் யாரு அண்ணி படிக்கிறா?"

"நிலத்தையே எழுபத்தஞ்சு வருஷத்துக்கு மேல குத்தகைக்கு விடமாட்டோம். உங்க அண்ணன் பாட்டை முடிவே இல்லாம எழுதிக் குடுத்திருக்க."

நாற்பத்தொரு பக்கத்தையும் அச்செடுத்து ஒரு வாரம் படித்தார். தளம் பாட்டை வெட்டலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம். ஆனால் முப்பத்தாறாம் பக்கத்தில், ஏற்றுகிறவர் பாட்டின் உரிமை தன்னுடையதே என்று உறுதி தருகிறார் என்று இருந்தது. கலோருஸுக்கு அந்த உரிமையே கிடையாது. இல்லாததை அவன் எப்படிக் கொடுத்திருக்க முடியும்?

அதை நிரூபிக்க, தான் தந்தது பொய்யான உறுதி என்று அவனே எழுதித் தரவேண்டும். இரண்டு நாள் அவன் எங்கள் கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள் வந்தான்.

"தெரியாம செஞ்சேன்னு எழுதட்டுமா அண்ணி?"

"கேக்காம செஞ்சேன்னு எழுது. அதான் உண்மை."

எழுதினான். அதைத் தளத்துக்கு அனுப்பியதும், இயந்திரம் தானாக அனுப்பும் ஒரே பதில் மூன்று முறை வந்தது. ஒவ்வொன்றுக்கும் அதே விதியின் எண்ணைக் குறிப்பிட்டு, பொறுமையாகப் பதில் போட்டார் லெய்சோங்கி. நான்காவது பதிலை ஒரு மனிதர் எழுதியிருந்தார். பாட்டு நீக்கப்பட்டது, விளம்பரமும் போனது. சில பிரதிகள் எங்கேயோ சுற்றத்தான் செய்கின்றன; அது அவருக்கும் தெரியும்.

இப்போது வெளித்தீவு இசைக்குழுக்கள் தங்கள் பாட்டை ஏற்றுவதற்கு முன் மதிய இடைவேளையில் அவரைத் தேடி வருகின்றன. அவர் விதிகளைப் படித்துச் சொல்லமாட்டார். அவர்களையே வாய்விட்டுப் படிக்கவைப்பார். போன மாதம் தன்னா தீவிலிருந்து வந்தவர்கள் பாதியில் எழுந்து, எதையும் ஏற்றாமல் ஊர் திரும்பினார்கள். அடுத்து வந்த குழு யோசித்து இரண்டே பாட்டை ஏற்றியது. இரண்டு குழுவும் செய்தது சரிதான் என்கிறார்.