பஸ் ஏறிப் போன கலவை

1. ஒரே வண்டியில் வந்தவர்கள்

ஹெல்மெட் மூட்டையும் இன்டர்ன்ஷிப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே குட்டியானை வண்டியில்தான் எங்கள் சைட்டுக்கு வந்தார்கள். மூட்டை பின்னால். பிள்ளைகள் முன்னால், மடியில் ஆளுக்கொரு லேப்டாப் பை.

பெரம்பலூரில் அரியலூர் ரோட்டு ஓரம் கடைகளுக்கான மூன்று மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. நான் அங்கே சித்தாள். கீழே கலக்கும் கலவையைச் சட்டியில் வாங்கி, தலையில் வைத்துப் படியேறி, கொத்தனார் பக்கத்தில் கொட்டிவிட்டு இறங்க வேண்டும். முப்பது வருடமாக இதே வேலை. ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலை குவார்ட்டர்ஸ் கட்டியபோதும் இதேதான். சித்தாள்களாக நாங்கள் ஆறு பெண்கள் இருந்தோம். ஐந்தாம் வகுப்பு வரை போனதால் எனக்கு எழுத்து வரும். பேச்சுதான் வராது. யாராவது பெயர் கேட்டால்கூட பக்கத்தில் நிற்கும் பாப்பாத்தியைப் பார்ப்பேன். "அஞ்சலை" என்று அவள் சொல்லிவிடுவாள்.

கட்டடத்துக்குச் சொந்தக்காரர் லப்பைக்குடிக்காட்டு ஹாஜியார். சவூதியில் பெரிய பெரிய கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் ஃபோர்மேன். அங்கே ஹெல்மெட் இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாதாம். தன்னுடைய சொந்தக் கட்டடத்தில் ஒரு தலையும் வெறுமனே இருக்கக் கூடாது என்று போனில் சொல்லிவிட்டார். வேலையை எடுத்துச் செய்த இன்ஜினியர் சார், சரி என்றார். அவர் ஹாஜியாரிடம் எதற்கும் சரி என்பார்.

வந்த பிள்ளைகளில் ஷாலினி கட்டுமான மேலாண்மை படிக்கிறது. நிவேதா கட்டடக் கலை. திருச்சிப் பக்கம் காலேஜ். இரண்டு மாதம் சைட்டில் இருந்து பார்த்து ரிப்போர்ட் எழுதி, இன்ஜினியர் சாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதுதான் இன்டர்ன்ஷிப் என்று பாப்பாத்தி விசாரித்துச் சொன்னாள்.

சார் முதல் நாளே ஷாலினியிடம் மூட்டையைக் காட்டினார்.

"தினமும் காலையில எல்லாரையும் ஹெல்மெட்டோட ஒரு போட்டோ எடுத்து ஹாஜியாருக்கு அனுப்பணும். இது உன் பொறுப்பு. இதுல எனக்குப் பேரு கெட்டா உன் ரிப்போர்ட்டுல கையெழுத்து போட மாட்டேன், பாத்துக்க."

ஹெல்மெட் எண்ணிக்கையில் சாருக்கு மட்டும் ஒன்று குறைந்தது. அவர் போட்டோவுக்குத் தன்னுடைய பைக் ஹெல்மெட்டையே போட்டுக்கொண்டார். அதைப் போட்டால் அவருக்குக் காது கேட்காது. நாம் ஏதாவது சொன்னால் முன்னால் இருக்கும் கண்ணாடியைத் தூக்குவார். பதில் சொல்லிவிட்டு இறக்கிக்கொள்வார்.

2. சும்மாடு எங்கே வைப்பது

சித்தாள் வேலை பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். சட்டியை நேராகத் தலையில் வைக்க முடியாது. ஒரு பழைய துணியைச் சுருட்டி வளையமாக்கி உச்சந்தலையில் வைத்து, அதன்மேல்தான் சட்டி உட்காரும். அதுதான் சும்மாடு.

ஹெல்மெட்டுக்கு மேலே சும்மாடு வைத்துப் பார்த்தோம். ஹெல்மெட் சுரைக்காய் மாதிரி வழுவழுப்பு. மூன்றாவது படியில் என் சட்டி சரிந்து, கலவை முழுக்கக் கொத்தனாரின் சாப்பாட்டுத் தூக்கில் விழுந்தது. சும்மாட்டுக்கு மேலே ஹெல்மெட் போட்டுப் பார்த்தோம். ஹெல்மெட் ஒரு முழம் உயரத்தில் நின்றது. வார் தாடைக்கு எட்டாமல் காதோரம் ஆடியது.

"இது எங்க தலைக்கு வாங்குனதா, சட்டிக்கு வாங்குனதா சார்?" என்று பாப்பாத்தி கேட்டாள். சார் கண்ணாடியைத் தூக்கவில்லை.

பிறகு ஒரு வழக்கம் தானாகவே வந்துவிட்டது. காலையில் வரிசையாக நிற்போம். ஷாலினி போட்டோ எடுக்கும். ஹெல்மெட்டைக் கழற்றி மூட்டையில் போட்டுவிட்டுச் சும்மாட்டோடு வேலைக்குப் போவோம். நான் எப்போதும் பாப்பாத்திக்குப் பின்னால்தான் நிற்பேன். எந்தப் போட்டோவிலும் என் முகம் கிடையாது. ஒரு மஞ்சள் மொட்டை மட்டும் தெரியும்.

பத்து நாள் கழித்து ஹாஜியார் குரல் பதிவு அனுப்பினார். ஷாலினி அதை எல்லோருக்கும் போட்டுக் காட்டியது.

"மாஷா அல்லாஹ், எல்லாரும் நல்லா நிக்கிறாங்க. எப்ப பாத்தாலும் நிக்கிறாங்களே, வேலை எப்ப செய்வாங்க? வேலை செய்யுறப்ப ஹெல்மெட்டோட வீடியோ எடுத்து அனுப்புங்க."

வெள்ளிக்கிழமைக்குள் வீடியோ போக வேண்டும் என்றார் சார். ஹெல்மெட்டோடு சட்டி தூக்கத் தெரியாதவர்கள் திங்கள்கிழமையிலிருந்து வர வேண்டாம், தெரிந்தவர்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். அப்படித் தெரிந்தவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அறுபது தாண்டியவளை வேறு எந்த சைட்டில் கூப்பிடுவார்கள்?

3. தெர்மாகோல்

மறுநாள் ஷாலினி எம்-சாண்ட் மணல் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதது. கையெழுத்து இல்லாவிட்டால் ஒரு வருடம் போய்விடும் என்றது. நிவேதா பக்கத்தில் நின்று எங்கள் சட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தது. மதியம் டவுனுக்குப் போய், தெர்மாகோல் அட்டைகள், ஆறு பிளாஸ்டிக் சட்டி, பசை, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் எல்லாம் வாங்கி வந்தது.

அந்தப் பிள்ளை தெர்மாகோலை வெட்டிக் கரடுமுரடாகச் செதுக்கி, சிமெண்ட் தண்ணீரைப் பூசிக் காயவைத்தது. காய்ந்ததும் அசல் கலவை. கொத்தனாரே கரண்டியை எடுத்து அதில் குத்திவிட்டார். குத்தின கரண்டி மாட்டிக்கொண்டது.

"காலேஜுல என் மாடலுக்கு மார்க்கே போடலம்மா. இங்கதான் எடுபட்டுச்சு" என்று நிவேதா சந்தோஷப்பட்டது.

கலவையைச் சட்டியில் ஒட்டி, சட்டியை ஹெல்மெட்டில் ஒட்டியாயிற்று. மூன்றும் ஒரே சாமான். கூத்துக்காரர் கிரீடம் மாதிரி எடுத்துத் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். என்னுடையதுதான் நன்றாக ஒட்டியிருந்தது என்று என்னை முன்னால் விட்டார்கள். ஷாலினி போனைப் பிடித்தது.

"கனமா இருக்குற மாதிரி மூஞ்சிய வெச்சுக்கோங்கம்மா" என்றது நிவேதா.

எனக்கு அது வரவில்லை. முப்பது வருடம் கனம் தூக்கியபோது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? பாப்பாத்தி பின்னாலிருந்து பல்லைக் கடிக்கச் சொன்னாள். கடித்தேன். ஆறு பேரும் படியேறினோம். தலையில் கனமே இல்லாததால் கால் தானாக ஓடியது.

சாயங்காலமே ஹாஜியாரிடமிருந்து பதில் வந்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஏறுகிற ஆட்களைத் தான் பார்த்ததில்லை என்றார். முன்னால் வருகிற அம்மா யார், என்ன நடை என்று கேட்டார். கடைசியில்தான் அதைச் சொன்னார். அடுத்த வாரம் லீவில் ஊருக்கு வருகிறாராம். நேரில் வந்து பார்க்கப்போகிறாராம்.

சார் சரி என்று பதில் அனுப்பிவிட்டு, பைக் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

4. ஆடிக் காற்று

ஹாஜியார் வெள்ளைச் சட்டையும் தன் சொந்த ஹெல்மெட்டுமாக வந்து இறங்கினார். அதில் அரபி எழுத்து இருந்தது. எல்லோருக்கும் சலாம் சொன்னார், எங்களுக்கும் கும்பிடு போட்டார். நல்ல மனிதர். அதனால் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

ஏற்பாடு என்னவென்றால், ஒரு தடவை மட்டும் தெர்மாகோலோடு ஏறிக் காட்டுவது. உடனே டீக்கு விட்டுவிடுவது. டீ முடிந்ததும் சார் ஹாஜியாரைக் கம்பி கட்டும் இடத்துக்குக் கூட்டிப் போய்விடுவார். இதில் தப்பிவிட்டால் எங்கள் வேலையும் போகாது, ஷாலினியின் வருடமும் போகாது.

நான் முதல் ஆளாக ஏறினேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். படிக்கு இன்னும் கைப்பிடிச் சுவர் வைக்கவில்லை, இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது. பாதி ஏறியிருப்பேன், ஆடிக் காற்று ஒரே வீச்சாக வந்தது. சட்டிக்கு அடியில் காற்று புகுந்து, ஹெல்மெட் வார் என் தாடையை மேலே இழுத்தது. ஆளோடு தூக்கிவிடும் என்று படியில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் டேப் விட்டுவிட்டது.

சட்டி படியிலேயே விழுந்தது. கலவை மட்டும் பறந்தது. சைட்டைத் தாண்டி, வேலியைத் தாண்டி, சுற்றிச் சுற்றிப் போய், ரோட்டில் ஆளிறக்க நின்ற அரியலூர் பஸ்ஸின் மேல் உட்கார்ந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் கிளம்பிவிட்டது.

பாப்பாத்திதான் மெதுவாக, "கலவைக்கு அரியலூர்ல என்ன சோலியோ" என்றாள்.

ஹாஜியார் பஸ் போன திசையைப் பார்த்தார். பிறகு இன்ஜினியர் சாரைப் பார்த்தார். சார் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். ஷாலினி அழுதுகொண்டே, எல்லாம் தன் தப்பு என்று சொல்ல வந்தது.

வேலை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போனது போகட்டும், முதல் நாளிலிருந்து வயிற்றுக்குள் கிடந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டாவது போவோம் என்று தோன்றியது. படியில் உட்கார்ந்தபடியே கேட்டேன்.

"பாய், அங்க நீங்கல்லாம் ஹெல்மெட்டு மேல எப்படி சட்டி வெச்சுத் தூக்குவீங்க?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. அங்கே ஏதோ வழி வைத்திருக்கிறார்கள், எங்களுக்குத்தான் தெரியவில்லை என்று உண்மையாகவே நினைத்திருந்தேன்.

"நாங்க தலையில எதுவும் தூக்குறது இல்லியேம்மா" என்றார் ஹாஜியார். "எல்லாம் கிரேன்ல போயிடும்."

"அப்ப தலை சும்மாவா இருக்கும்?"

"சும்மாதான் இருக்கும்" என்றவர் தன் ஹெல்மெட்டைத் தொட்டுப் பார்த்தார். "அதனாலதான் ஹெல்மெட் போட முடியுது."

அதை அவரே அப்போதுதான் கேட்பவர் மாதிரி சொன்னார். பிறகு கீழே போய், நிஜக் கலவை இருந்த ஒரு இரும்புச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். படிகளை அண்ணாந்து பார்த்தார். சட்டியை இறக்கி வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையில் பட்டதைக்கூடத் துடைக்காமல் சாரிடம் திரும்பினார்.

"மினி லிப்ட் ஒண்ணு கொண்டாந்து போடுங்க. அது வர்ற வரைக்கும் யாரும் சட்டி தூக்க வேணாம். கீழ்த் தரை வேலையைப் பாக்கட்டும்."

சார் கண்ணாடியைத் தூக்கினார். சரி என்றார்.

5. ஆறு என்று வந்தது

அந்த வாரமே லிப்ட் வந்துவிட்டது. ஒரு மோட்டார், கம்பிக் கயிறு, ஒரு தொட்டி. தொட்டியில் கலவையைக் கொட்டிப் பட்டனை அமுக்கினால் மேலே போய் நிற்கும். சார் பார்த்துவிட்டு, இதற்கு மூன்று பேர் போதுமே என்றார். ஷாலினி உடனே லேப்டாப்பைத் திறந்தது. கீழே நிரப்ப இரண்டு பேர், பட்டனுக்கு ஒருவர், மேலே இறக்க இரண்டு பேர், தொட்டி வருது வருது என்று சத்தம் கொடுக்க ஒருவர். மொத்தம் ஆறு. சத்தம் கொடுக்கப் பாப்பாத்தி. பட்டனுக்கு நான். கணக்கு சரிதானா என்று எனக்குத் தெரியாது. ஆறு என்று வந்தது, நாங்களும் ஆறு பேர். நான் கிளறவில்லை.

ரிப்போர்ட்டில் சார் கையெழுத்து போட்டார். ஹாஜியாரும் பக்கத்தில் போட்டார், கேட்காமலே.

புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு விதி வேறு இடத்திலிருந்து வந்தால், அங்கே அதோடு கூட என்ன இருந்தது என்று கேளுங்கள். எங்களுக்கு ஹெல்மெட் மட்டும் மூட்டையில் வந்தது, கிரேன் வரவில்லை. ஹாஜியார் அதை நினைக்கவில்லை. சார் சரி என்றார். படித்த பிள்ளைகள் தெர்மாகோல் வாங்கினார்கள். எனக்கோ கேள்வி முதல் நாளே இருந்தது. அதைக் கேட்க, கலவை பஸ் ஏறிப் போக வேண்டியிருந்தது.

இப்போது நாள் முழுக்க ஹெல்மெட் போட்டிருக்கிறேன். பழகிவிட்டது. படியேறும்போது மட்டும், இல்லாத சட்டியைப் பிடிக்க வலது கை தானாக மேலே போய் ஹெல்மெட் ஓரத்தில் நிற்கிறது.

"யாருக்குடி சல்யூட் அடிக்கிற?" என்று பாப்பாத்தி கேட்பாள்.

ஒருநாள் அப்படி ஏறும்போது எதிரே சார் இறங்கி வந்தார். நின்று, கண்ணாடியைத் தூக்கி, அவரும் ஒன்று அடித்துவிட்டுப் போனார்.